புதிதாகச் சேரும் நகராட்சி உதவிப் பொறியாளருக்கு: சிமென்ட் சாலை, எஸ்டிமேட் முதல் பில் வரை

டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் தேர்வில் தேறி நகராட்சிக்கு வருபவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் ஒரு தெருவின் சிமென்ட் சாலை வேலைதான். அதில் எம்-புக்கில், அதாவது வேலையின் அளவைப் பதியும் அளவைப் புத்தகத்தில், நீங்கள் எழுதும் அளவு, ஓய்வு பெறும் நாள் வரை உங்கள் பெயரில்தான் நிற்கும். எத்தனை ஊருக்கு மாறிப் போனாலும் தணிக்கைத் தடை (தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம்) தேடி வரும்.

எஸ்டிமேட்டுக்கு முன் தெருவை நடந்து பாருங்கள். மேன்ஹோல், குடிநீர் வால்வு, வீட்டு வாசற்படியின் உயரம் மூன்றையும் லெவலோடு குறியுங்கள். குடிநீர் இணைப்பு பாக்கி இருந்தால் முதலில் அதை முடிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சாலையை வெட்டுவார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் போகும்; சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். சுரண்டும் வேலையின் அளவை எஸ்டிமேட்டிலேயே சேருங்கள். விட்டுவிட்டால் திருத்திய மதிப்பீடு, மறுபடி அனுமதி என்று இழுக்கும்.

டெண்டருக்கு 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் 30 நாள். இந்தப் பகுதியை அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

கான்கிரீட் போடும் அன்று மட்டும் இடத்தை விட்டு நகரக் கூடாது. 100 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 56.25 கன மீட்டர். கனத்தில் 1 செ.மீ. குறைந்தால் 3.75 கன மீட்டர் போச்சு! அதனால் லாரி வருமுன் இரண்டு பக்கச் சானலுக்கும் (கான்கிரீட்டைத் தாங்க ஓரத்தில் வைக்கும் இரும்புச் சட்டம்) குறுக்கே நூல் கட்டி, ஓரம், நடு, ஓரம் என மூன்று இடத்தில் ஆழம் பாருங்கள். நடுவில்தான் மண் மேடு இருக்கும். கலவை இறுகுகிறது என்று லாரியில் தண்ணீர் விடுவார்கள். வலிமை அங்கேதான் போகிறது. ஆகவே கியூபுக்கான, அதாவது வலிமை சோதிக்க வார்க்கும் கனசதுரக் கட்டிக்கான, கலவையைத் தண்ணீர் விடுமுன் எடுத்துத் தந்தால் ஏற்காதீர்கள், தளத்தில் கொட்டியதிலிருந்தே எடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கணக்குப்படி இந்த அளவுக்கு 5 மாதிரி, 28 நாள் சோதனைக்கு 15 கியூப். மறுநாளுக்குத் தள்ளாமல் ஜாயின்ட் (வெடிப்பைக் கட்டுப்படுத்தும் குறுக்குக் கோடு) வெட்ட வேண்டும். ஆழம் கனத்தில் கால் பங்குக்குக் குறையக் கூடாது. தாமதித்தால் சாலை தன் இஷ்டத்துக்கு வெடிக்கும்.

வார்டு உறுப்பினர் பக்கத்துச் சிறு தெருவையும் சேர்க்கச் சொல்வார். கோரிக்கை நியாயமாகவே இருக்கும். மரியாதையாக மனு வாங்கி மேலதிகாரிக்கு அனுப்புங்கள். ஒர்க் ஆர்டரில் இல்லாததைச் செய்யச் சொன்னால் ஒப்பந்ததாரர் பில்லுக்கு உங்களிடம்தான் வந்து நிற்பார். பணி ஆய்வாளருக்கும் இதை முன்பே சொல்லி வையுங்கள். வாய்மொழி உத்தரவு முதலில் அவரிடம்தான் போகும்.

அளவைத் தளத்திலேயே எம்-புக்கில் பேனாவால் எழுதுங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோட்டில் அடித்துத் தேதியுடன் கையெழுத்துப் போடுங்கள், வெள்ளை மை வேண்டாம். உதவி செயற்பொறியாளர் செக் மெஷர்மென்ட்டுக்கு (உங்கள் அளவைச் சரிபார்க்க) வரும்போது நீங்களும் டேப்பின் ஒரு முனையைப் பிடியுங்கள். மாறுதல் வந்தால் எம்-புக்குகளை எண் வாரியாகப் பட்டியலிட்டு, பெற்றுக்கொள்பவர் கையெழுத்திட்ட நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.