மிச்ச நூல் நாட்குறிப்பு

மே 3, சனி

அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது ஒரு துணிப்பை தலையில் விழுந்தது. உள்ளே பல வருட மிச்சம்: பாதியில் கைவிட்ட ஸ்வெட்டரின் நீல நூல், யாருக்கோ பின்னிய தொப்பியின் மஞ்சள், பருத்தி நூல்கண்டு இரண்டு, ஒரு உருண்டை சணல். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன. தூக்கிப் போடப் போனேன். லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகள் விடவில்லை. ஒன்பது வயது. "சித்தி, அந்தச் சுவர் மொட்டையா இருக்கே, இதை வச்சு ஏதாவது பண்ணலாமா?"

சரி என்றேன். ஒரே நிபந்தனை, புதிதாக எதுவும் வாங்கக் கூடாது.

சிக்கெடுப்பதிலேயே நாள் போயிற்று. அவள் நுனி கண்ட இடத்தில் எல்லாம் இழுத்தாள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். சிக்கை மேசையில் பரப்பி, விரலால் உதறி உதறி, உள்ளே இருக்கிற வளையங்களைப் பெரிதாக்க வேண்டும். வளையம் தளர்ந்ததும் நுனி தானாக வெளியே வரும்.

எது கம்பளி, எது அக்ரிலிக் என்று தெரியவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினேன். (அவள் தள்ளி நின்றாள்.) கம்பளி முடி கருகும் வாடையோடு பொசுங்கியது, தொட்டால் பொடி. அக்ரிலிக் உருகிக் கெட்டியான கருப்பு மணியாக நின்றுவிட்டது. நீலம் கம்பளி, மஞ்சள் அக்ரிலிக்.

மே 4, ஞாயிறு

நூல் பந்து. அட்டையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு ஓரத்தில் நடுவே பாதி வரை ஒரு பிளவு. மஞ்சள் நூலை அட்டையில் 100 சுற்று சுற்றினாள், சத்தமாக எண்ணிக்கொண்டே. பிளவு வழியாக இன்னொரு நூலைக் கொடுத்து நடுவில் கட்டி, அட்டையை உருவி, இரு பக்க வளையங்களையும் கத்தரித்தோம். பந்தாக விரிந்தது. அவள் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். மூன்றாவது முறை கைக்கு வந்தது பந்து இல்லை, மஞ்சள் இழைகள்தான். தரையெல்லாம் மஞ்சள்.

தப்பு கட்டுவதில். அதே மஞ்சள் நூலால் கட்டியிருந்தேன். அது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், அதனால் முடிச்சு இறுகவே இல்லை. இரண்டாவது பந்துக்குப் பருத்தி நூல். முதல் முடிச்சில் நுனியை ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை சுற்றி இழுத்தேன். அப்படிச் செய்தால் அடுத்த முடிச்சைப் போடும்வரை முதல் முடிச்சு வழுக்காது. இழுக்கும்போது பந்தின் இடுப்பு ஒடுங்கி விரல் நகம் வெளுத்தது. அதற்கு மேல் இழுத்தால் நூல் அறுந்திருக்கும்.

கட்டிய நூலின் இரண்டு வால்களையும் வெட்டாமல் விட வேண்டும், தொங்கவிட அதுதான் பிடி. அவள் உருண்டையாக வரட்டும் என்று சுற்றிச் சுற்றி வெட்டி ஒரு வாலையும் சேர்த்து வெட்டிவிட்டாள். அந்தப் பந்து இப்போது அவள் தலையணைக்குப் பக்கத்தில் தூங்குகிறது.

மே 7, புதன்

வேலை நெருக்கடி. மூன்று பந்துகள் மட்டும்.

மே 9, வெள்ளி

பந்துகளைக் கோக்கக் கயிறு வேண்டும். சணலில் கோத்தால் நார் உதிர்கிறது. நீல நூலையே முறுக்கினோம். இரண்டு இழைகளைச் சேர்த்து ஒரு நுனியைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுநுனியில் பென்சிலைச் செருகிச் சுற்றினாள். ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். நூல் தளர்ந்தால் தானே சுருண்டு முறுக்கிக்கொள்ளும் நிலை வந்ததும், நடுவில் பிடித்து மடித்து, இரண்டு நுனிகளையும் சேர்த்துவிட்டேன். பாம்பு மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டது. முறுக்கிய நூல் முறுக்கு அவிழப் பார்க்கிறது. இரு பாதியும் சேர்ந்து அவிழப் பார்ப்பதால் எதிர்ப் பக்கமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

ஒரு மீட்டர் கயிற்றுக்கு இரண்டரை மீட்டர் நீள நூலாவது வேண்டும். மடிப்பிலும் பாதி போகும், முறுக்கிலும் கொஞ்சம் போகும். இதை அளந்தது முதல் கயிறு சுவரின் முக்கால் பாகத்தில் நின்ற பிறகு.

அப்புறம் குஞ்சம், கயிற்றின் நுனிகளுக்கு. அட்டையில் 30 சுற்று, மேலே ஒரு கட்டு, கீழே வெட்டு, கழுத்தில் நாலு சுற்று. இதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் முதல் தடவையே வரும்.

மே 11, ஞாயிறு

இன்றைக்கு நூல் விளக்கு, அதாவது பலூன் மேல் பசை நூல். மஞ்சள் அக்ரிலிக் ஆகாது, பசையைச் சரியாக உறிஞ்சாது, சூட்டில் உருகவும் செய்யும். பருத்திதான். பலூனில் பெட்ரோலியம் ஜெல்லி பூசி, வெள்ளைப் பசை இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, நூலை அதில் நனைத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினோம். தரையில் செய்தித்தாள் விரித்தும் பசை கால்விரல் வரை வந்தது.

மே 12, திங்கள்

அவளால் பொறுக்க முடியவில்லை. காலையில் ஊசியால் குத்தினாள். 'டப்'. ஓர் உருண்டை பிறக்கும் என்று பார்த்தால், ஈரத் துணி மாதிரி உள்ளே மடிந்தது. மேலே காய்ந்திருந்தாலும், நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடங்களில் பசை ஈரமாகவே இருந்திருக்கிறது. அழுகையும் வந்தது. மாலையில் இரண்டாவதைச் சுற்றினோம். முதலில் சுற்றியதைவிட நெருக்கமாக.

மே 14, புதன்

ஒரு முழு நாளுக்கு மேலேயே காயவிட்டோம். இந்த முறை குத்தவில்லை. பலூனின் முடிச்சுக்குப் பக்கத்தில் சின்னதாக வெட்டி, காற்றை மெதுவாக விட்டோம். ரப்பர் நூலை விட்டு உரிந்து வரும் சத்தம், பட்டாணித் தோல் பிரிவது மாதிரி, பட் பட் என்று. உருண்டை நின்றது! உள்ளே சூடேறாத எல்இடி சரம் மட்டும். வேறு பல்பு வைக்கவே மாட்டேன்.

நேரம் மிஞ்சியதால் இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நூலை ஒவ்வொரு குச்சியிலும் ஒரு சுற்றுச் சுற்றி அடுத்ததற்குப் போனோம். நடுவிலிருந்து சதுரம் வளர்கிறது. மேற்கு மெக்சிகோவின் விஷாரிகா மக்களோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த வடிவத்துக்கு ஸ்பானிய மொழியில் 'கடவுளின் கண்' என்று பெயர். நூலைத் தொய்ய விட்டால் கண் சொருகிவிடும், அதிகம் இழுத்தால் குச்சிகள் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிவிடும். ஆளுக்கு ஒன்று சொருகியும் மடங்கியும் நிற்கிறது.

மே 17, சனி

இதுவரை செய்ததில் எனக்குப் பிடித்தது இதுதான். தடித்த அட்டையில் 'ட' எழுத்து மாதிரி இரண்டு கோடு. மூலையிலிருந்து ஒவ்வொரு கோட்டிலும் சமதூரத்தில் 10 ஓட்டை, 1 முதல் 10 வரை எண். பருத்தி நூலை ஊசியில் கோத்து, ஒரு கோட்டின் 1-ஐ மற்றதன் 10-உடன், 2-ஐ 9-உடன், 3-ஐ 8-உடன். கூட்டினால் எப்போதும் 11. எண்ணைத் தேடி அவள் தடுமாறியது இந்தக் கணக்கு பிடிபட்டதும் நின்றது.

ஆறாவது நூலில் கையை நிறுத்தினாள். "சித்தி, நான் நேராத்தான் தைக்கிறேன், இது ஏன் வளையுது?" ஒரு நூலும் வளையவில்லை. நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் ஓரத்தில் கண்ணுக்கு வளைவு தெரிகிறது. அது ஒரு பரவளையத்தின் துண்டு. கணித மேதை ஜார்ஜ் பூலின் மனைவி மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916) இதே மாதிரி அட்டையில் தைக்க வைத்துத்தான் குழந்தைகளுக்கு வளைவுகளை அறிமுகம் செய்தார். நான் பள்ளியில் பரவளையத்தைச் சமன்பாடாக மட்டும் பார்த்தவள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மே 20, செவ்வாய்

சுவரில் ஏற்றினோம். கயிறு நடுவில் தொய்ய, பந்துகள் எல்லாம் வழுக்கி நடுவில் கூட்டம் போட்டன. ஒவ்வொரு பந்தையும் அதன் வாலாலேயே கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டு நிறுத்தினேன். விளக்கு மூலையில். கண்கள் இரண்டும் கோணலாக, அதை நிமிர்த்த எனக்கு மனமில்லை. பரவளைய அட்டையை அவள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

மே 25, ஞாயிறு

அவள் ஊருக்குப் போய் மூன்று நாள். இன்று போன்.

"சித்தி, என் அட்டையில ஒரு நூல் அறுந்துடுச்சு."

"எந்த நம்பர்?"

"நாலு. அந்தப் பக்கம் ஏழு. நானே தச்சுடுவேன், சும்மா சொன்னேன்."