லேசிக்கா, ஸ்மைலா, பி.ஆர்.கே.வா: ரிப்போர்ட் கைக்கு வராமல் முடிவெடுக்காதீர்கள்

ஒருவழியாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாயிற்று. பார்வை தெளிவாக இருக்கிறது, மனசும் நிம்மதியாக இருக்கிறது. லேசருக்குக் கீழே படுத்து எழுந்தது சில நிமிட வேலைதான். லேசரால் பவரைத் திருத்த மூன்று முறைகள் இருந்தன. லேசிக்கில் கருவிழியின் (கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலம்) மேல்பகுதியை ஒரு மடல் (ஃபிளாப்) போல வெட்டித் தூக்கி, அடியில் செதுக்குவார்கள். ஸ்மைலில் சின்னக் கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய சில்லை எடுப்பார்கள். பி.ஆர்.கே.வில் மேல்தோலை நீக்கிவிட்டு மேலிருந்தே செதுக்குவார்கள். எந்த முறை என்று முடிவு செய்வதற்குள்தான் அலையாய் அலைந்துவிட்டேன். அதில் பாதி அலைச்சல், சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் வந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

முதலில் போன மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் போட்டு, "ஏதாவது தயார் பண்ணிட்டு வரணுமா?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம் மேடம், நேரா வாங்க" என்றார்கள். லீவு போட்டு, துணைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாச் சோதனையும் முடிந்து சொட்டு மருந்தும் விட்டு, எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்த பிறகு ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பரிசோதனை செய்பவர்) கேட்கிறார்: "காண்டாக்ட் லென்ஸ் போடுவீங்களா? கடைசியா எப்போ கழட்டினீங்க?" அன்று காலையில்தான் கழற்றியிருந்தேன். "அப்போ இந்த ஸ்கேன் செல்லாது, மறுபடி எடுக்கணும்" என்றார்.

சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், லென்ஸ் போடாமல் இருந்துவிட்டுத்தான் கருவிழியின் வளைவையும் தடிமனையும் அளக்கும் இந்த ஸ்கேனை எடுக்க வேண்டும். லென்ஸ் அழுத்தி அழுத்திக் கருவிழியின் வளைவு லேசாக மாறியிருக்கும். இல்லாத கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பு போல முன்னால் பிதுங்கும் நோய்) இருப்பது போலவும் படத்தில் காட்டலாம். லேசர் எவ்வளவு செதுக்க வேண்டும் என்ற கணக்கும் தப்பிவிடும். போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது.

அதோடு விட்டார்களா? செல்லாத ஸ்கேனை மேஜையில் வைத்துக்கொண்டே கவுன்சலர் பேச ஆரம்பித்துவிட்டார். "இப்போ எல்லாரும் ஸ்மைல்தான் பண்றாங்க மேடம். ஃபிளாப் கிடையாது, வலி கிடையாது. உங்களுக்குக் கருவிழி வேற மெலிசா இருக்கு, அதுக்கு ஸ்மைல்தான் நல்லது. பி.ஆர்.கே. எல்லாம் பழைய முறை." வழவழ காகிதத்தில் அச்சடித்த பிரசுரத்தைத் திருப்பி, பின்பக்கம் ஒரு வட்டம் வரைந்து, ஓரத்தில் குட்டியாக ஒரு கோடு போட்டார். "இவ்ளோதான் கீறல்." அப்புறம் அட்வான்ஸ் கட்டினால் தேதி தருகிறோம் என்றார். அக்காதான், "அளவே இன்னும் சரியா எடுக்கல, அதுக்குள்ள எதுக்கு அட்வான்ஸ்?" என்று கேட்டு என்னை எழுப்பிக்கொண்டு வந்தாள்.

லென்ஸ் போடாமல் இருந்துவிட்டு மறுபடி போனபோது புதிதாக ஒன்று கேட்டார்கள். பவர் ஒரு வருடமாக மாறவில்லை என்பதற்குப் பழைய கண்ணாடிச் சீட்டு வேண்டுமாம். கேட்பது நியாயம்தான். ஒரு வருடத்தில் அரை பவருக்கு மேல் மாறியிருந்தால் எந்த நல்ல மருத்துவரும் லேசரில் கை வைக்க மாட்டார். ஆனால் அதையும் முன்னால் சொல்லவில்லை. நல்லவேளை, கண்ணாடிக் கடைக்காரர் என் பழைய பவரைக் கணினியில் வைத்திருந்தார். கேட்டதும் போனுக்கே அனுப்பிவிட்டார்.

சோதனைகள் ஒழுங்காக முடிந்தன. கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையைச் செய்யாத இடத்தில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். கண் ஏற்கெனவே வறண்டிருந்தால் லேசருக்குப் பிறகு அது இன்னும் கூடும்.

பெரிய சண்டை ரிப்போர்ட்டுக்குத்தான். நகல் கேட்டதற்கு, "எங்க சிஸ்டத்துல இருக்கும், ஆபரேஷன் பண்ணும்போது தருவோம்" என்றார்கள். நான் பணம் கட்டி என் கண்ணுக்கு எடுத்த ஸ்கேன், நகல் தராவிட்டால் எழுத்தில் காரணம் கொடுங்கள் என்று நகராமல் நின்றேன். இந்த மேஜை, அந்த மேஜை என்று அனுப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மேலாளர் வந்து அச்செடுத்துக் கொடுத்தார். இத்தனை அலைச்சலிலும் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்தக் காகிதங்கள்தான்.

அதை எடுத்துக்கொண்டு வேறொரு கருவிழி நிபுணரிடம் போனேன். அவர் பிரசுரம் எதையும் காட்டவில்லை. பேனாவை எடுத்து ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். என் பவர் மைனஸ் 5.5. கருவிழியின் தடிமன் 488 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பெரும்பாலானவர்களுக்கு 540-ஐ ஒட்டி இருக்கும், எனக்குக் குறைவு.

லேசிக் என்றால் ஃபிளாப்புக்கு 110, லேசர் செதுக்குவது 80 போல. அடியில் மிஞ்சுவது 298. ஸ்மைல் என்றால் மேலே விடும் மூடி 120, உள்ளிருந்து எடுக்கும் சில்லு 105 போல. மிஞ்சுவது 263. பி.ஆர்.கே. என்றால் மேல்தோல் 50, செதுக்குவது அதே 80. மிஞ்சுவது 358. மேல்தோலும் சில நாளில் தானாக வளர்ந்துவிடும்.

அடியில் 250 மைக்ரானுக்குக் கீழே போகவே கூடாது என்பது பொது விதி. அவர் 300-க்குக் குறையவிடுவதில்லை. மிஞ்சுவது குறைந்தால் பிற்காலத்தில் கருவிழி வலுவிழந்து முன்னால் பிதுங்க வாய்ப்பு உண்டு. "ஸ்மைல்ல மேல்பகுதியை வெட்டாம விடுறதால அதோட பலமும் சேரும்னு சொல்வாங்க, அது ஓரளவு உண்மைதான். ஆனா உங்க கண்ணுக்கு அதை நம்பி நான் பண்ண மாட்டேன்மா" என்றார். மெல்லிய கருவிழிக்கு ஸ்மைல்தான் நல்லது என்று கவுன்சலர் சொன்னது என் விஷயத்தில் தலைகீழாக இருந்தது. அதனால் நான் பி.ஆர்.கே.தான் செய்துகொண்டேன்.

ஸ்மைல் மோசமான முறை என்று சொல்ல வரவில்லை. 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறலோடு முடிகிறது, ஃபிளாப் நகர்ந்துவிடும் பயம் இல்லை, நரம்புகள் குறைவாக அறுபடுவதால் வறட்சியும் பொதுவாகக் குறைவு. குத்துச்சண்டை, கபடி மாதிரி முகத்தில் அடிபடும் விளையாட்டு ஆடுபவர்களுக்கு ஃபிளாப் இல்லாத முறைதான் சரி. ஆனால் பவர் மிச்சம் இருந்து மறுபடி திருத்த வேண்டுமென்றால் லேசிக் போல ஃபிளாப்பைத் தூக்கித் திருத்த முடியாது, பெரும்பாலும் பி.ஆர்.கே.தான் செய்வார்கள். அதை எந்தக் கவுன்சலரும் என்னிடம் சொல்லவில்லை. என் கருவிழி 550 இருந்து, கண்ணீரும் நன்றாக ஊறியிருந்தால் யோசிக்காமல் லேசிக்குக்கே போயிருப்பேன். மறுநாளே பார்வை தெளிந்துவிடும்.

பி.ஆர்.கே.வைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் சில நாளுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அன்று வலி ஒன்றும் தெரியாது. அடுத்த இரண்டு மூன்று நாள் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும், நீர் கொட்டும், ஜன்னல் வெளிச்சம்கூடத் தாங்காது. மாத்திரையை வலி வருமுன் போடுங்கள், வந்த பிறகு போட்டால் அடங்க நேரமாகிறது. கண்மேல் வைத்த பாதுகாப்பு லென்ஸை நான்கைந்து நாளில் மருத்துவர்தான் எடுப்பார், அரிக்கிறது என்று நீங்கள் கை வைத்துவிடாதீர்கள். பார்வை ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் இருந்து, சில வாரத்தில்தான் நிலைக்கும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீட்டவும் கூடாது. அது சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால், அழுத்தம் பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். வெயிலில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். இல்லையென்றால் கருவிழியில் மங்கல் படியலாம்.

"வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்தை இந்த மூன்று முறையும் தடுக்காது.

இன்னொன்று. அறுவை சிகிச்சைக்கு முந்தைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வயதான பிறகு கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட லேசருக்கு முந்தைய கருவிழி அளவுகள் உதவும். கருவிழி மெலிந்த பிறகு கண் அழுத்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால், எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் லேசர் செய்ததைச் சொல்லிவிடுங்கள். என் ரிப்போர்ட்டைக் காகிதமாகக் கோப்பில் ஒன்று, போனில் ஒன்று, அக்காவிடம் ஒன்று என்று வைத்திருக்கிறேன்.