வாலென்ஸுக்கே தெரியாது

'லா பம்பா' என்ற ஸ்பானிஷ் பாட்டு. "அர்த்தம் தெரியாம எப்படிண்ணே பாடுறது?" என்றான் எங்கள் பேண்டின் பாடகன். "அதை ஹிட்டாக்குன ரிச்சி வாலென்ஸுக்கே ஸ்பானிஷ் தெரியாதுடா, சத்தத்தைப் பிடி" என்றேன். ரிகர்சலுக்கு அரை மணிதான் பாக்கி, வேறென்ன சொல்வது? ஆனாலும் அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

பாதி உண்மைதான். கலிஃபோர்னியாவின் பகோய்மாவில் வளர்ந்த ரிச்சர்ட் வாலென்சுவேலாவுக்கு (வாலென்ஸின் நிஜப்பெயர்) ஸ்பானிஷ் சரளமாக வராது. 'லா பம்பா'வின் வரிகளை உறவுக்காரப் பெண்மணி ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நான் முழுங்கிய பாதி வேறு: அது மெக்சிகோவின் வெராகுரூஸ் பக்கத்து நாட்டுப்பாட்டு. மெக்சிகோக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த மாதிரி இசை சின்ன வயதிலேயே காதில் ஏறிவிட்டது. சொல் தெரியாவிட்டாலும் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும்.

நம் ஆட்கள் தடுக்குவது அங்கேதான். உயிரொலி சிக்கலே இல்லை. ஸ்பானிஷில் ஐந்துதான், அ எ இ ஒ உ. ஒற்றை 'ர'வுக்கு நாக்கு ஒரே தட்டு, இரட்டைக்கு உருட்டல். ர, ற இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஊர்க்காரர்களுக்கு உடனே வரும். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒரே அசை. பிரித்துப் பாடினால் தாளத்துக்கு வெளியே போய்விடும். ஆனால் அழுத்தம்? நாம் முதல் அசையில் சாய்வோம். பாட்டில் வரும் 'மரினேரோ'வில் அது 'னே' மேல் விழ வேண்டும், 'கபிதான்' என்றால் 'தான்' மேல். நான் மாலுமி இல்லை, கப்பல் தலைவன் என்பது அந்த வரியின் பொருள். பொருள் தெரிந்தவன் 'தான்' மேல் தானாகவே ஏறுவான். அப்படியானால் பையன் கேட்டது நியாயம்தானே?

வாத்தியக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சி, எஃப் கார்டுகள் ஒரு பாரில் (நாலு தட்டுத் தாளக் கட்டம்), ஜி அடுத்த பாரில், அவ்வளவுதான். வாலென்ஸ் அதைப் பதிவு செய்தபோது, 1958இல் லாஸ் ஏஞ்சலஸ் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் கரோல் கே ரிதம் கிட்டார், ஏர்ல் பாமர் டிரம்ஸ். ரெனே ஹால் வாசித்தது டேனெலெக்ட்ரோ கம்பெனியின் ஆறு கம்பி பேஸ் கிட்டார், சாதா கிட்டாருக்கு ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே. நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸோடு சேர்ந்து அதுதான் அந்த 'டக்'கென்ற விளிம்பைத் தருகிறது. சாதாரண பேஸில் வாசித்து ட்ரெபிளை (மேல் ஒலிகளை) ஏற்றிப் பார்த்தாலும் அந்த விளிம்பு வராது.

தயாரிப்பாளர் பாப் கீன் வாலென்சுவேலாவை வாலென்ஸாக நறுக்கினார். இசைத்தட்டில் 'டோனா' என்ற இன்னொரு பாட்டு முன்பக்கம், ஸ்பானிஷ் பாட்டு பின்பக்கம். அமெரிக்க ஹிட் பட்டியலில் முன்னது 2ஆம் இடம், பின்னது 22. விற்க வேண்டும் என்ற அவசரம். என் அரை மணி அவசரமும் அந்த ரகம்தானோ? இல்லை, மேடை காத்திருக்காது.

பையன் ஃபோனில் அர்த்தம் பார்த்துக்கொண்டான். மேடையில் 'கபிதான்' சரியாக விழுந்தது. அர்த்தத்தாலா, தாளில் 'தான்' மேல் நான் போட்ட வட்டத்தாலா, நான் கேட்கவில்லை.