ஒண்ணுமில்லாதவன் வேஷத்துல சொத்து சேர்த்த கான்டின்ஃப்ளாஸ்

ஒரு நடிகர் பேரைப் போட்டுத் தேடினா முதல்ல வந்து நிக்கிறது அவரோட சொத்து மதிப்புதான். ஒரு டாலர் கணக்கு, ஒரு பங்களா போட்டோ, நாலு கார், அவ்வளவுதான் கதை முடிஞ்சுது. அந்தப் பணம் எந்த வழியா வந்துச்சு, கடைசில யார் கைக்குப் போச்சுன்னு யாரும் எழுதறதே இல்ல. எனக்கு உயிரான மெக்சிகோ நடிகர் மாரியோ மோரேனோ, ஊர் உலகத்துக்கு கான்டின்ஃப்ளாஸ், அவர் விஷயத்துல அந்தக் கதை அவர் நடிச்ச படங்கள் அளவுக்கே சுவாரசியமானது, அதனால அதை எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

1911 ஆகஸ்ட் 12ல மெக்சிகோ சிட்டில பிறந்தார். அப்பா தபால் துறையில வேலை, சின்ன சம்பளம், வீடு நிறைய பிள்ளைங்க. வளர்ந்தது டெபிட்டோ பக்கம், இன்னிக்கும் அந்தப் பேரைச் சொன்னா மெக்சிகோக்காரங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க, திருட்டுச் சாமான் சந்தைக்கும் குத்துச்சண்டைக்காரங்களுக்கும் பேர் போன ஏரியா. இவரும் கொஞ்ச நாள் குத்துச்சண்டை போட்டுப் பார்த்தார், சரிப்பட்டு வரல. கடைசில போய்ச் சேர்ந்தது கார்ப்பாங்கற கூடார நாடகக் கொட்டகைல.

இந்தக் கார்ப்பாவைப் பத்தி தெரிஞ்சுக்காம இவரைப் புரிஞ்சுக்க முடியாது. ஏழைங்க குடியிருக்கிற தெருவுல ஒரு துணிக் கூடாரம் அடிச்சு, குறைஞ்ச டிக்கெட்ல பாட்டு, டான்ஸ், காமெடின்னு துண்டு துண்டா ஓட்டுவாங்க. பார்க்க வர்றவங்க நாள் பூரா உழைச்சுட்டு வந்த கூலிக்காரங்க, பிடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா திட்டுவாங்க. ஒரு நாள் ராத்திரி இவர் மேடையேறி பதட்டத்துல வாய் குழறி, ஆரம்பிச்ச வாக்கியத்தை முடிக்காம அடுத்ததுக்குத் தாவி, என்னென்னமோ உளற, கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுதாம், அப்படித்தான் அவரோட பேர் போன அந்தக் குழப்பிப் பேசற பேச்சு பிறந்துச்சுன்னு சொல்லுவாங்க. அவர் போட்ட வேஷம் இதுதான், இடுப்புக்குக் கீழ வழுக்கி விழற பேண்ட், அதைக் கட்ட ஒரு கயிறு, தோள்ல கந்தல் துணி, உதட்டோட ரெண்டு ஓரத்துல மட்டும் துளி மீசை. பெரிய நகரத்துல பிழைக்க வந்து கையில காசும் இல்லாம படிப்பும் இல்லாம வாயை மட்டுமே நம்பி நாளை ஓட்டற ஆளு. கொட்டகைல உக்காந்திருந்த அத்தனை பேரும் அந்த ஆளுதான், இல்லேன்னா அந்த ஆளோட அண்ணன் தம்பி.

வாலென்டினா இவானோவாவை இவர் சந்திச்சதும் அந்தக் கூடாரத்துலதான், கொட்டகை நடத்தின ரஷ்யக் குடும்பத்துப் பொண்ணு, 1930கள்லயே கல்யாணம் ஆயிடுச்சு.

பணத்துக்கான கதவு சினிமால இருந்து திறக்கல, விளம்பரத்துல இருந்து திறந்துச்சு. சாந்தியாகோ ரேச்சின்னு ஒரு விளம்பர ஆளு இவரை வச்சு பேட்டரிக்கும் கூல் டிரிங்குக்கும் சின்னச் சின்ன விளம்பரப் படம் எடுத்தார். அவரு, ரஷ்யாவுல பிறந்து மெக்சிகோவுக்கு வந்த ஜாக் ஹெல்மன், நம்ம கான்டின்ஃப்ளாஸ், மூணு பேரும் சேர்ந்ததுதான் போசா ஃபிலிம்ஸ் கம்பெனி. இதுதான் அவரோட வாழ்க்கைல நான் அடிக்கோடு போடற இடம். அந்தக் காலத்து காமெடியன் எவ்வளவு பெரிய ஆளானாலும் சம்பளத்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போறவன், படம் தயாரிப்பாளரோட சொத்து. இவரு தன் கேரக்டரை வச்சு எடுக்கிற படத்துல தானே பங்காளியா உக்காந்தார். மிகேல் டெல்காடோங்கற ஒரே டைரக்டர் வருஷக்கணக்கா அவருக்குப் படம் எடுத்துக் கொடுக்க, அமெரிக்காவோட கொலம்பியா பிக்சர்ஸ் அதை வாங்கி ஸ்பானிஷ் பேசற நாடு பூரா ஓட்டுச்சு. மெக்சிகோல இருந்து அர்ஜென்டினா வரைக்கும் ஒரே முகம், ஒரே கந்தல் துணி.

தனக்கு மட்டும் பார்த்துக்கிட்ட ஆளும் இல்ல. நடிகர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினவர், 1945ல ஸ்டூடியோ தொழிலாளர் சங்கம் உடைஞ்சப்போ பாடகர் ஹோர்ஹே நெக்ரேட்டே, கேமராமேன் கப்ரியேல் ஃபிகெரோவா இவங்களோட சேர்ந்து புதுச் சங்கம் கட்டினதுல இவரும் முன்னால நின்னார்.

ஹாலிவுட் கதை கொஞ்சம் வேற மாதிரி. 1956ல மைக் டாட் எடுத்த அரவுண்ட் த வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ் படத்துல டேவிட் நிவெனோட வேலைக்காரனா வந்தார், சிறந்த காமெடி நடிகருக்கான கோல்டன் குளோப் இவருக்குத்தான் போச்சு, படத்துக்கு சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் கிடைச்சுது. அதுல ஸ்பெயின்ல ஒரு காளைச் சண்டை வரும் பாருங்க, மூல நாவல்ல அப்படி ஒரு சீனே கிடையாது, மெக்சிகோ மைதானங்கள்ல நிஜக் காளை முன்னாடி நின்னு ஜனங்களைச் சிரிக்க வச்ச மனுஷன் இவருங்கறதால சேர்த்தது. லத்தீன் அமெரிக்கா போஸ்டர்ல நிவெனுக்கு மேல இவர் பேரைப் போட்டாங்க. ஆனா 1960ல பெப்பேன்னு இவரை நம்பி பெரிய பட்ஜெட்ல ஒரு படம் எடுத்து, ஃபிராங்க் சினாட்ரா, பிங் கிராஸ்பின்னு நட்சத்திரங்களை வரிசையா இறக்கியும் எடுபடல. எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல, அவரோட வேகம் முழுக்க மெக்சிகோ தெரு ஸ்பானிஷ்ல இருக்கு, இங்கிலீஷ்ல பேச விட்டா கைகால் கட்டின மாதிரிதான்.

சரி, பணம் என்ன ஆச்சு? சொந்த விமானம் வச்சிருந்தார், தானே ஓட்டவும் செய்வார். பண்ணை வாங்கி சண்டைக்காளை வளர்த்தார். கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கும் அநாதைப் பிள்ளைங்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். ஓவியர் டியேகோ ரிவேரா 1953ல மெக்சிகோ சிட்டி இன்சுர்ஹென்டஸ் தியேட்டர் முகப்புல வரைஞ்ச பெரிய சுவரோவியத்துல நட்ட நடுவுல நிக்கிறது கான்டின்ஃப்ளாஸ்தான், ஒரு பக்கம் பணக்காரங்க, மறு பக்கம் ஏழைங்க, இவர் அங்க வாங்கி இங்க கொடுக்கிறார். அந்தத் தியேட்டரைத் திறந்ததே இவர் நடிச்ச நாடகத்தோடதான்.

பங்காளி ஹெல்மனும் அவர் மனைவி நடாஷாவும் அந்தப் பணத்துல ஓவியமா வாங்கிக் குவிச்சாங்க. ஃப்ரீடா காலோ, ரிவேரா, தமாயோன்னு இன்னிக்கு உலக மியூசியங்கள்ல சுத்திக் காட்டற ஹெல்மன் கலெக்‌ஷன் அதுதான், அவங்க சேர்த்த பிக்காசோ, மத்தீஸ் எல்லாம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குப் போச்சு. டெபிட்டோ கூலிக்காரன் கொடுத்த டிக்கெட் காசு அங்க வரைக்கும் போயிருக்குன்னு நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

பின்னாடி வந்த படங்கள் எனக்கு அவ்வளவா ஒட்டல. பாதிரியார், தூதர், வாத்தியார்னு பெரிய மனுஷன் வேஷம், கடைசில ஒரு நீளமான உபதேசம். அதிகாரத்தைக் கிண்டல் பண்ணினவர் அதிகாரத்துல இருக்கிறவங்களுக்கு நெருக்கமா போயிட்டார்னு அங்க விமர்சகர்கள் சொன்னதுல நியாயம் இருக்குன்னுதான் நினைக்கிறேன். கடைசிப் படத்துல, 1980கள் தொடக்கத்துல வந்தது, தெருக் கூட்டற தொழிலாளியா திரும்ப வந்தார், அது மனசுக்கு நிறைவா இருந்துச்சு.

வாலென்டினா 1966ல புற்றுநோய்ல போயிட்டாங்க. இவர் 1993 ஏப்ரல் 20ல நுரையீரல் புற்றுநோய்ல. மழைன்னும் பார்க்காம ஆயிரக்கணக்குல ஜனங்க அஞ்சலி செலுத்த வரிசைல நின்னாங்க.

அதுக்கப்புறம்தான் கோர்ட் கேஸ். தத்தெடுத்த மகன் ஒரு பக்கம், அண்ணன் தம்பி வழி வாரிசு ஒருத்தர் இன்னொரு பக்கம், சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பட உரிமையை எனக்குத்தான் எழுதிக் கொடுத்தார்னு அந்த வாரிசு சொன்னார், நடுவுல கொலம்பியா பிக்சர்ஸ் வந்து பெரும்பாலான படம் எங்களோடதுன்னு நின்னுச்சு. மெக்சிகோ கோர்ட், அமெரிக்க கோர்ட்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. பண்ணைக்கும் பங்களாவுக்கும் விலை போட்டுடலாம், வாழ்நாள் பூரா தன் கையில வச்சிருந்த அந்தக் கேரக்டரும் படங்களும்தான் நிஜச் சொத்து, அதனாலதான் அத்தனை பேரும் அதுக்கு மல்லுக்கட்டினாங்க. சொத்து மதிப்புப் பட்டியல்ல இதுல ஒரு வரி கூட இருக்காது.

நீங்க அவரைப் பார்த்ததே இல்லேன்னா 1940ல வந்த ஆயி எஸ்டா எல் டெடாயேல இருந்து ஆரம்பிங்க. கொன்னது ஒரு வெறி நாயை, கோர்ட்ல நிக்கிறது அதே பேர் கொண்ட ஒரு மனுஷனைக் கொன்ன கேஸ்ல. இவர் நாயைப் பத்திப் பேசிட்டே போக, கடைசில வக்கீலும் ஜட்ஜும் கூட இவர் மாதிரியே குழப்பிப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. சப்டைட்டில் பாதிதான் பிடிக்கும், ஆனா வாயையும் கையையும் பார்த்தாலே போதும்.