சிவப்பு மருந்தும் இருண்ட உட்கருவும்

டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தில் எனக்குப் பிடித்ததே அது தானாக ஒளிரும் என்பதுதான். செல்லுக்குள் மருந்து எங்கே போனது என்று பார்க்கத் தனியாகச் சாயம் ஏற்ற வேண்டாம். ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் தட்டை வைத்தால், மருந்துக்கு மசியும் புற்றுசெல்களில் உட்கரு செக்கச்செவேலென்று தெரியும். டிஎன்ஏவுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ளும் மருந்து அது. மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்ட செல்களில் அதே அளவு மருந்தைக் கொடுத்தாலும் உட்கரு இருண்டே கிடக்கும்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்கள் உடனே "என்ன மியூட்டேஷன்?" என்பார்கள், அதாவது மரபணுவில் என்ன மாற்றம் என்று. பல நேரம் மியூட்டேஷனே தேவைப்படாது. ஏபிசிபி1 மரபணு நம் எல்லோரிடமும் உண்டு. குடல், சிறுநீரகம், மூளையின் ரத்த நாளங்கள் என்று பல இடங்களில் அது உருவாக்கும் பி-கிளைகோபுரதம் செல் சவ்வில் நின்று, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, வேண்டாத பொருள்களை ஒரு பம்பு போல வெளியே தள்ளுகிறது. 1976இல் ஜூலியானோ, லிங் என்ற ஆய்வாளர்கள் சீன ஹாம்ஸ்டர் செல்களில் இதைக் கண்டார்கள். புற்றுசெல் இதே புரதத்தை அளவுக்கு மீறிச் செய்துகொள்கிறது, அவ்வளவுதான். சிலவற்றில் மரபணுவின் நகல்களே பெருகியிருக்கும்; சிலவற்றில் டிஎன்ஏமேல் ஒட்டி அதை அடக்கிவைத்திருந்த மெத்தில் என்ற வேதிக்குறிகள் நீங்கியிருக்கும். அப்புறம் வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்செல் என்று அந்தச் செல் பார்த்தே இராத மருந்துகளும் அதே வழியாக வெளியே போய்விடும்.

மருந்தில்லாமல் தொடர்ந்து வளர்த்தால் இந்த எதிர்ப்பு மெல்லக் குறைவதும் உண்டு. அதனால்தான் பல லேபுகளில் இந்தச் செல்களை வளர்க்கும் திரவத்தில் எப்போதும் கொஞ்சம் மருந்தைக் கலந்தே வைக்கிறார்கள்.

சரி, பம்பை அடைத்துவிட்டால்? 1981இலேயே வெராபமில் என்ற இதய மருந்து அதைச் செய்யும் என்று தெரிந்துவிட்டது. பிறகு வால்ஸ்போடார், டாரிக்விடார் என்று பம்பை அடைக்கும் மருந்துகள் எல்லாம் வந்தன. நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலன் இல்லை. நல்ல செல்களுக்கும் அந்தப் பம்பு வேண்டியிருக்கிறதே! போதாக்குறைக்கு, வால்ஸ்போடார் கொடுத்தால் கீமோ மருந்து உடலை விட்டு வெளியேறுவதே தாமதமாகி, டோஸைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒரே புரதத்தைத் துரத்தியதுதான் தப்பு என்பேன். செல் சாவதைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் கூடுதலாக இருந்தால், மருந்து உள்ளே தங்கினாலும் செல் சாக மறுக்கும்.

மருந்து எதிர்ப்பு ஆய்வில் மருத்துவமனை வரைக்கும் போய்ச் சேர்ந்தது எம்ஜிஎம்டி. டெமோசோலமைடு என்ற கீமோ மருந்து டிஎன்ஏவில் உண்டாக்கும் சேதத்தைச் சரிசெய்கிற புரதம் இது. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டியில் இந்தப் புரதத்துக்கான மரபணுவின் ப்ரமோட்டரில் (மரபணுவை இயக்கும் பகுதியில்) மெத்தில் ஏறி அது அணைந்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று 2005இல் காட்டினார்கள். வயதான நோயாளிக்குக் கதிர்வீச்சா, டெமோசோலமைடா என்று முடிவெடுக்க இன்று மருத்துவர்கள் அந்த மெத்திலைத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள்.