கிரில்லோ: வெயில் ஊர் வெள்ளை ஒயினைச் சுவைத்துப் பார்த்த குறிப்புகள்

வெள்ளை ஒயினுக்குக் குளிர்ப் பிரதேசம்தான் சரி என்று ஒயின் பழகிய நண்பர்கள் அடித்துச் சொல்வார்கள். வெயில் கூடினால் திராட்சையில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், ஒயின் சப்பென்று ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம். அதைச் சோதிக்க ஒரே ஒரு திராட்சை வகையை வைத்துக்கொண்டு சுவைத்துக் குறிப்பெழுதி வருகிறேன். எடுத்தது இத்தாலியின் தென்கோடித் தீவான சிசிலியின் கிரில்லோ. அதிலும் ஆர்கானிக் பாட்டில்கள் மட்டும்.

கிரில்லோ ஒரு கலப்பு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிசிலியின் அக்ரிஜெந்தோ பக்கத்து ஃபவாராவில் அந்தோனியோ மெந்தோலா என்ற பிரபு கத்தராத்தோ, ஜிபிப்போ என்ற இரண்டு திராட்சை வகைகளைச் சேர்த்து உருவாக்கினார். ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டும் சிசிலி ஒயினான மர்சாலாவுக்கு வாசமுள்ள திராட்சை வேண்டும் என்பதே நோக்கம். வெயில், வறட்சி இரண்டையும் தாங்கும். பழுத்த பிறகும் புளிப்பை அவ்வளவு சீக்கிரம் விடாது. நண்பர்களின் வாதம் இந்த இடத்தில்தான் ஆட்டம் காண்கிறது.

ஆர்கானிக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ருசி இல்லை, ஊர்தான். சிசிலியில் கோடையில் மழை அபூர்வம், காற்றுக்குக் குறைவில்லை. இலை ஈரமாக நிற்காததால் பூஞ்சைத் தொல்லை குறைவு. மழை ஊர் விவசாயி படும் பாடு இங்கே இல்லை. அதற்காக மருந்தே தெளிப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். கந்தகமும் தாமிரமும் ஆர்கானிக் தோட்டத்திலும் உண்டு. தாமிரத்துக்கு மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது.

லேபிள் படிப்பது தனி வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்கானிக் அடையாளமான பச்சை இலைச் சின்னமும் அதன் அருகே சான்றளித்த அமைப்பின் குறியீடும் இருக்க வேண்டும். 2012 அறுவடைக்கு முன்பு 'ஆர்கானிக் திராட்சையில் செய்தது' என்று மட்டுமே போடலாம். அதன் பிறகுதான் ஒயின் தயாரிப்புக்கும் விதிகள் வந்தன. சர்க்கரை மிகக் குறைந்த உலர் வெள்ளை ஒயினில், கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை போகலாம். சாதாரண ஒயினுக்கு 200. ஆக, ஆர்கானிக் பாட்டிலிலும் 'சல்பைட் உள்ளது' என்ற வரி இருக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் தாண்டினாலே அதைப் போட்டாக வேண்டும்.

சரி, நாக்குக்கு வருவோம். வெப்பநிலைதான் பெரிய பாடம். சமையல் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு ஒரே பாட்டிலைப் படிப்படியாகச் சூடேற விட்டேன். 5 டிகிரியில் புளிப்பும் குளிர்ச்சியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. எந்த ஊர் ஒயினாகவும் இருந்திருக்கலாம். 9, 10-இல் எலுமிச்சைத் தோல், பம்ப்ளிமாஸ், கசக்கிய பச்சிலை வாசம் எல்லாம் எழுந்து வந்தன. விழுங்கிய பிறகு பாதாம் தோலின் லேசான கசப்பு. அதுதான் எனக்குப் பிடித்த இடம். 14 தாண்டியதும் ஆல்கஹால் முன்னே வந்து நின்றது. 13 சதவீத ஒயினுக்கு அது நல்லதில்லை. உணவகங்களில் வெள்ளை ஒயினை ஐஸில் புதைத்துக் கொண்டுவருவதை இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்துத் தொடர்ந்து பார்த்ததில், மறுநாள் பச்சிலை வாசம் அடங்கிப் பழ வாசம் கூடியது. எனக்கு மறுநாள் ஒயின்தான் ஒரு படி மேல். அதற்கடுத்து வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி சோர்ந்துபோகிறது. பழைய அறுவடையையும் ஒன்று முயன்றேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் துள்ளல் இல்லை. மரப்பீப்பாய் காணாமல் உலோகத் தொட்டியில் செய்த கிரில்லோவை இளசாகக் குடிப்பதே மேல்.

உணவில் பலெர்மோ பக்கத்து மத்தி மீன் பாஸ்தா அருமையாகப் பொருந்தியது. சோம்புக் கீரை, உலர் திராட்சை, பைன் கொட்டை எல்லாம் சேரும் அந்த இனிப்பும் எண்ணெயும் கலந்த ருசியை ஒயினின் புளிப்பு வெட்டிவிடுகிறது. வினிகர் தூக்கலான கத்தரிக்காய் கப்போனாத்தாவோடு மட்டும் ஒயின் தோற்றுப்போனது.

அடுத்தது தாய் வகையான கத்தராத்தோ, அல்காமோ மேட்டு நிலத்தில் விளைந்தது. அதே ஆண்டு கிரில்லோவோடு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டில்கள் தயார், கடையில் நல்ல மத்திதான் இன்னும் வரவில்லை.