ஏசி குமிழும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும்

எங்கள் காருக்கு வயது 17. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஏசி குமிழைத் தொட்டால்தான் கை கழுவ வேண்டும், பலாப்பழம் உரித்த கை போலப் பிசுபிசுக்கும். கமர்கட் தின்ற கையோடு திருகுகிறான் என்று ரொம்ப நாள் பையனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு வருடமாகியும் பிசுக்கு போகவில்லை.

குற்றவாளி மேல்பூச்சுதானாம். தொட்டால் மெத்தென்று இருக்கட்டுமே என்று பிளாஸ்டிக் மேல் பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான பூச்சை அடித்திருப்பார்கள். சூடும் ஈரக்காற்றும் வருடக்கணக்கில் பட்டால் அது சிதைந்து பிசினாகிவிடும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமா என்ன? போதாததற்கு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனம் வேறு அடுக்கடுக்காக அதில் ஒட்டியிருந்தது.

கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் விசாரித்தேன். "நாப் மட்டும் தனியா வராது சார், பேனலோட எடுத்துக்கங்க" என்று ஒரு விலை சொன்னார்கள். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று வந்துவிட்டேன்.

குமிழுக்குப் பின்னால் ஷூ லேஸைச் சுற்றி நேராக இழுத்தால் 'டப்' என்று கழன்றுவிடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, பேனலில் நீளமாக ஒரு கீறல் போட்ட பிறகு தெரிந்துகொண்டது இது. முதல் குமிழை மகளின் நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தேன். அதிலிருந்த அசிட்டோன் பூச்சோடு நிற்காமல் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிட்டது. என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்தது. வீட்டுப் பத்திரத்தில்கூட இவ்வளவு சுத்தமாக விழவில்லை.

புத்தி வந்து, ரிச்சி தெருவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கினேன். செல்போன் பழுது பார்ப்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதுதான். பழைய பனியனை அதில் நனைத்து அடுத்த குமிழைத் தேய்த்தால் பிசுக்கு கருப்பு கருப்பாகச் சுருண்டு வந்தது. கூடவே, குமிழ் குளிர் பக்கம் இருக்கிறதா சூட்டுப் பக்கம் இருக்கிறதா என்று காட்டும் வெள்ளைக் கோடும் அழிந்துவிட்டது. அதனாலென்ன, தீக்குச்சி முனையில் ஒயிட்னரைத் தொட்டுப் புதிதாக ஒரு கோடு இழுத்தேன். கை நடுங்கவே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் மாமனாரைச் செங்கல்பட்டில் விடப் புறப்பட்டோம். மே மாதம், பகல் ஒரு மணி. குமிழைத் திருகி, நான் போட்ட கோட்டை நீலப் பக்கம், அதாவது குளிர் பக்கம் வைத்தேன். பரனூர் டோல்கேட் வருவதற்குள் மாமனார் சட்டையின் மூன்றாவது பட்டனுக்கு வந்துவிட்டார்.

"மாப்ள, ஏசி போட்டீங்களா, அடுப்பு மூட்டினீங்களா?"

கேஸ் தீர்ந்திருக்கும் மாமா என்று நிபுணர் குரலில் சொல்லிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அண்ணே, எதுக்கும் நாப்பை எதிர்க் கோடிக்குத் திருப்பிப் பாருங்க" என்றான். திருப்பினேன். ஊட்டி! கோட்டை நேர் எதிர்ப்பக்கத்தில் போட்டிருக்கிறேன். அது நீலத்தைக் காட்டிய நேரமெல்லாம் உள்ளே ஹீட்டர் முழு வீச்சில் ஓடியிருக்கிறது.

பின்சீட்டிலிருந்து மனைவி ஒன்றும் பேசவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, முன்னால் எட்டி, குமிழின் சரியான பக்கத்தில் ஒட்டினாள்.

இன்றுவரை அதுதான் ஓடுகிறது. வாரத்துக்கொரு முறை உதிர்ந்துவிடும், புடவைக்கு ஏற்ப அடுத்தது வரும். இந்த வாரம் பச்சை.